கரையில் இரண்டு பேர்

ஜனவரி 9

அன்பு மகளுக்கு,

அப்பா வாயால் சொல்ல, பக்கத்து வீட்டுத் தையல் அத்தை கையால் எழுதுவது. உடம்பு தேவலாம். முட்டி காலையில் கொஞ்சம் அடம் பிடிக்கிறது, வெயில் ஏறினால் வழிக்கு வந்துவிடுகிறது. காதுதான் இன்னும் கீழே போய்விட்டது. மரக்கடை ரம்பம் வலது காதை எப்போதோ தின்றுவிட்டது, இப்போது இடதையும் கேட்கிறது. போனில் நீ பேசினால் தகர டப்பாவுக்குள் ஈ புகுந்த மாதிரி இருக்கிறது. கடிதமே எழுது. அத்தை என் இடது காதோரம் குனிந்து கத்திப் படிக்கிறாள். எனக்கு விளங்குவதற்குள் எதிரில் இருக்கும் இஸ்திரிக்காரனுக்கும் டீக்கடைக்கும் விளங்கிவிடுகிறது. போன கடிதத்தில் மாப்பிள்ளைக்கு முதுகுப் பிடிப்பு என்று எழுதினாயே, மறுநாள் தெருவில் ஆளுக்கொரு தைலம் சொன்னார்கள்.

கிடங்கு வேலை போய் மாப்பிள்ளை வீட்டில் படுத்த பிறகு, உன் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன். நீச்சல் கிளப்பில் பதிவு மேசையில் உட்கார்ந்து நீ என்னதான் செய்கிறாய்? "நீச்சல் கிளப்ல கம்ப்யூட்டருக்கு என்ன வேலை, அதுவும் நீந்துமா?" என்கிறான் இஸ்திரிக்காரன். அவன் வாயை அடைக்கிற மாதிரி ஒரு பதில் எழுது. எனக்கு எழுத்துதான் ஏறவில்லை, காதில் விழுந்தது இறங்காது.

பேத்திக்குத் தண்ணீர்ப் பயம் போனதா? அவள் தலையை என் சார்பில் ஒரு தடவு தடவிக் கொடு.

அப்பா


ஜனவரி 28

அன்புள்ள அப்பாவுக்கும், கத்திப் படிக்கும் அத்தைக்கும்,

நாங்கள் மூவரும் சுகம். இவருக்கு முதுகு பரவாயில்லை, குனிய மட்டும் முடியவில்லை. அத்தை, பக்கத்தில் கொஞ்சம் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள், இது நீளமான கடிதம்.

இஸ்திரிக்கார அண்ணனிடம் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் நீந்தாது, ஆனால் அது சொல்லாமல் இங்கே யாரும் தண்ணீரில் கால் வைக்க முடியாது. ஆறு மாதம் ஒரு பருவம். ஒவ்வொரு பருவத்துக்கும் ஓர் அட்டவணை. எந்த வகுப்பு, எந்தக் கிழமை, எந்தக் குளம், யார் சொல்லித் தருவது, யார் கரையில் காவல் நிற்பது என்று எல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் பெற்றவர்கள் பிள்ளைகளைப் பதிவு செய்கிறார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் ஒவ்வொன்றாகத் தட்டி வாரக்கணக்கில் மாரடித்தாராம். நான் ஒரு பொத்தானைக் கண்டுபிடித்தேன். போன பருவத்து அட்டவணையை அப்படியே தூக்கிப் புதுப் பருவத்தில் வைத்துவிடுகிறது. தேதி மட்டும் தானாக மாறிக்கொள்கிறது. டீ ஆறுவதற்குள் முழுப் பருவமும் தயார். மேலாளர் என் மேசைக்கே வந்து, "இந்தப் பருவம் முடியட்டும், உன்னை நிரந்தரம் பண்ணிடறேன்" என்றார்.

ஒரே ஒரு சிக்கல். கரையில் காவல் நிற்பவரை எல்லோரும் 'விசில்' என்றுதான் கூப்பிடுவோம். அவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். பொத்தானை அழுத்தியதும் அவர் பெயரும் கூடவே வந்துவிட்டது. எடுத்துவிடவா என்று மேலாளரைக் கேட்டேன். "காவல் கட்டம் காலியா இருந்தா பதிவே திறக்காது. பேரு இருக்கட்டும், ஆள் வந்ததும் மாத்திக்கலாம்" என்றார். விட்டுவிட்டேன்.

பேத்திக்குச் சொல்லித் தரும் பெண்ணைப் பிள்ளைகள் 'தவளை அக்கா' என்கிறார்கள். கோபித்துக்கொள்ளாமல் தவளை மாதிரியே கத்தியும் காட்டுகிறாள். நம் பெண் முதல் வாரம் படியை விட்டே இறங்கவில்லை. தவளை இவளை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு குளத்துக்குள் நடந்துகொண்டே கதை சொன்னாளாம். இப்போது வீட்டில் வாளியைக் கண்டாலும் முகத்தை முக்குகிறாள்.

முட்டிக்கு ஒத்தடம் கொடுங்கள். சோம்பல் படாதீர்கள்.

உங்கள் மகள்


பிப்ரவரி 10

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பதில் இஸ்திரிக்காரன் வாயை அடைக்கவில்லை. "போன வருஷத்துச் சட்டையைத் தேய்ச்சு இந்த வருஷம் போட்டுக்கிற மாதிரி. அப்போ நம்ம தொழில்தான்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறான். நீ நிரந்தரம் ஆகப்போகிறாய் என்று அத்தை கத்தியதும் டீக்கடைக்காரர் எனக்கு ஒரு டீ கொண்டுவந்து வைத்தார். முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கிறேன், பொய்யில்லை, அத்தை சாட்சி.

பேத்தியைச் சுமந்த பெண்ணை நான் கேட்டதாகச் சொல்.

ஒன்று கேட்க வேண்டும். மரக்கடையில் கட்டை தூக்கும்போது முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். பின்னால் ஆள் வந்துவிட்டானா என்று திரும்பிப் பார்க்காமல் நான் ஒருநாளும் தோளைக் கொடுத்ததில்லை. பழக்கதோஷம். விசில் நின்ற இடத்தில் இப்போது யார் நிற்கிறார்?

மாப்பிள்ளையைக் குனிய வேண்டாம் என்று சொல்.

அப்பா


மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். உங்கள் சுகம் அறிந்து சந்தோஷம். தவளையிடம் நீங்கள் கேட்டதாகச் சொன்னேன், "தாத்தாவுக்கும் நீச்சல் சொல்லித் தர்றேன்னு சொல்லுங்க" என்றாள். இவர் இப்போது கொஞ்ச தூரம் நடக்கிறார். பேத்திக்கு முன்பல் ஒன்று விழுந்தது, அதைப் பத்திரமாக வைத்துத் தினமும் எண்ணிப் பார்க்கிறாள், ஒன்றுதான் இருக்கிறது. இங்கே வெயில் தொடங்கிவிட்டது. கிளப்பில் கூட்டம், வேலை அதிகம். சுருக்கமாக முடிக்கிறேன்.

மகள்


ஏப்ரல் 22

அன்பு மகளுக்கு,

மார்ச்சில் வந்த உன் கடிதத்தில் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. பல்லுக்குக்கூட இருந்தது. நான் கேட்டதற்கு மட்டும் இல்லை. வேலை மும்முரத்தில் விட்டிருப்பாய் என்று நினைத்து, அதே கேள்வியை மறுபடியும் எழுதி அனுப்பினேன். அதற்குக் கடிதமே இல்லை. தபால்காரர் இப்போது என்னைக் கண்டால் தெருவின் அந்த ஓரமாகப் போகிறார். கையில் ஒன்றும் இல்லாமல் என் முகத்தைப் பார்க்க அவருக்கே சங்கடம்.

நேற்று அத்தை போன் போட்டாள். மாப்பிள்ளை எடுத்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்கோம்" என்று சொல்லி வைத்துவிட்டாராம். நன்றாக இருக்கிறவர்கள் இவ்வளவு சீக்கிரம் போனை வைக்க மாட்டார்கள்.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. இரண்டு வரி எழுதினால் போதும்.

அப்பா


ஏப்ரல் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களைக் கவலைப்பட வைத்துவிட்டேன். மூவரும் சுகமாக இருக்கிறோம், அதை முதலில் படியுங்கள்.

கிளப்பில் ஒரு விபத்து. சின்னப் பிள்ளைகள் வகுப்பில் ஒரு குழந்தை தண்ணீருக்குள் போய்விட்டது. தவளை இன்னொரு பிள்ளையைக் கரையேற்றிவிட்டுத் திரும்புவதற்குள் நடந்தது. அவளே குதித்துத் தூக்கினாள். மூச்சு வந்துவிட்டது, கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறது. நம் பெண்ணுக்கு அன்று காய்ச்சல், நான் அனுப்பவில்லை.

அட்டவணையில் ஏதோ தவறு நடந்திருக்கிறதாம். விசாரணை வைத்திருக்கிறார்கள். தவளையை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் ஒன்றும் இல்லை. நீங்கள் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

மகள்


மே 7

மகளுக்கு,

சுகம்தான். ஆனால் அதைச் சொல்ல இந்தக் கடிதம் இல்லை.

அத்தை தெருவுக்கே கேட்கக் கத்திப் படித்தாள். இஸ்திரிக்காரன் பெட்டியைத் துணிமேல் வைத்தது வைத்தபடி நின்று, யாருடைய சட்டையையோ கருக்கிவிட்டான். "ஐயோ குழந்தை" என்றார்கள். "அந்த டீச்சரைப் பிடிச்சு உள்ள தள்ளணும்" என்றார் டீக்கடைக்காரர். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். நான் போடவில்லை.

அட்டவணையில் ஏதோ தவறு நடந்திருக்கிறதாம் என்று எழுதியிருக்கிறாய், அடுத்த வீட்டுச் சங்கதி மாதிரி. ஜனவரியில் எழுதியது வேறு. பொத்தானைக் கண்டுபிடித்தது நீ. விசில் பெயர் கூடவே வந்ததைப் பார்த்தது நீ. மேலாளர் இருக்கட்டும் என்றார், விட்டுவிட்டேன் என்று எழுதினாய். நான் கேட்ட கேள்விக்கு நீ ஏன் பதில் போடவில்லை என்று இப்போது தெரிகிறது. அங்கே யாரும் நிற்கவில்லை.

தெருவுக்குக் கேட்கும் என்றுதான் நீ மூடி மூடி எழுதுகிறாய். இப்போது மரக்கடைக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, ரம்பம் ஓடவில்லை, மரத்தூள் மேல் ஒரு பூனை மட்டும் படுத்திருக்கிறது. இனி ரகசியம் இருந்தால் உறை மேல் ஒரு கோடு போடு. இங்கே கொண்டுவந்துதான் பிரிப்போம்.

ஒன்று சொல்கிறேன், கேள். யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்காதே. உனக்கு ஒரு பிள்ளை இருக்கிறது. குனிய முடியாத புருஷன் இருக்கிறான். நாலு நாள் தலையைக் குனிந்துகொண்டு இரு, தானாக அடங்கிவிடும்.

அப்பா

(தையல் அத்தை எழுதுவது: அவர் சொன்னதை மாற்றாமல் எழுதிவிட்டேன். எனக்கு இதில் சம்மதம் இல்லை. "என்ன, இன்னும் எழுதிட்டே இருக்க?" என்று கேட்கிறார். விலாசம் என்று சொல்லியிருக்கிறேன்.)


மே 18

அன்புள்ள அப்பாவுக்கு,

உறை மேல் கோடு போட்டிருக்கிறேன். அத்தை, தயவுசெய்து மெதுவாக.

குழந்தை கண் திறந்துவிட்டது. அம்மாவை அடையாளம் தெரிகிறதாம். இடது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, போகப் போகச் சரியாகலாம் என்கிறார்கள். இதைத் தெரிந்துகொள்ளத் தினமும் ஆஸ்பத்திரி வாசல் வரை போகிறேன். உள்ளே போகவில்லை. காவலாளியிடம் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. அங்கே யாரும் நிற்கவில்லை. உங்கள் கேள்வி வந்த அதே வாரம் தவளையும் என் மேசைக்கு வந்து கேட்டாள். "அக்கா, கரைக்கு ஆள் எப்ப வரும்? இத்தனை வாலுங்களை வச்சுக்கிட்டு எனக்கு முதுகுலயும் கண்ணு வேணும்போல இருக்கு." நான் திரையிலிருந்து தலையைத் தூக்காமல், "வரும் வரும்" என்றேன். அதற்கப்புறம் உங்களுக்கு என்னவென்று எழுதுவது?

மேலாளர் நாலு நாள் முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "அட்டவணையில ரெண்டு பேர் இருக்கு. ஒருத்தர் வரலைன்னா அந்தப் பொண்ணு வகுப்பை ஆரம்பிச்சிருக்கவே கூடாது. பருவம் தொடங்கும்போது அட்டவணையை அவகிட்ட காட்டினேன், அவ சரின்னு சொன்னான்னு ஒரு வார்த்தை சொல்லு. உன் நிரந்தர ஆர்டர் என் மேசையிலதான் இருக்கு." நான் அதை அவளிடம் காட்டவே இல்லை. யாரிடமும் காட்டவில்லை. விசாரணை இருபத்தேழாம் தேதி. சொல்லிவிட்டால் தவளைக்கு இனி எந்தக் குளத்திலும் வேலை கிடையாது, போலீஸ் வரைக்கும்கூடப் போகலாம். சொல்லாவிட்டால் எனக்கு வேலை கிடையாது.

முந்தாநாள் தவளை நம் வீட்டுக்கு வந்தாள். சண்டை பிடிக்க வந்தாள் என்று நினைத்துக் கதவுக்குப் பின்னால் நின்றேன். நம் பெண் ஓடிப்போய் அவள் முதுகில் தொற்றிக்கொண்டாள். தவளை இறக்கிவிடவில்லை. அப்படியே சுமந்துகொண்டு என்னிடம் கேட்டாள்: "அக்கா, அட்டவணையை நான் பார்த்துச் சரின்னு சொன்னதா சொல்றாங்க. நான் எப்பக்கா பார்த்தேன்? அன்னிக்குப் பிடிச்சு எனக்கு எதுவும் சரியா ஞாபகம் இல்ல. நான்தான் மறந்துட்டேனா?"

குத்திக் காட்டவில்லை அப்பா. நிஜமாகவே கேட்டாள். நான் டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

உங்கள் பேச்சைக் கேட்டு வாயைத் திறக்காமல்தான் இருக்கிறேன்.

மகள்


மே 23

அன்பு மகளுக்கு,

மரக்கடைக்குப் பின்னால் இருந்துதான் எழுதுகிறோம். குழந்தை கண் திறந்த வரியை அத்தை இரண்டு தடவை படித்தாள்.

(இந்த இடத்தில் ஒரே வரி மூன்று தடவை எழுதி அடிக்கப்பட்டிருக்கிறது.)

மேலே அடித்திருப்பது என்னவென்று கேட்காதே.

பல் போச்சு, காது போகிறது, முட்டி பாதி போச்சு. எழுத்தும் இல்லை. எனக்கு மிச்சம் இருப்பது ஞாபகம் ஒன்றுதான். ராத்திரியெல்லாம் அந்தப் பெண் கேட்டதே ஓடுகிறது, நான்தான் மறந்துட்டேனா என்று. மறக்காத ஒன்றை மறந்ததாக அவளை நம்ப வைக்கிறார்கள். என்னிடம் யாராவது அப்படிச் செய்தால் நான் என்ன ஆவேன்?

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பின் அறையில் கிடந்த பழைய பலகைகளை எல்லாம் நேற்று வெளியே எடுத்துப் போட்டேன். இஸ்திரிக்காரன் ஒரு கை பிடித்தான். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம். ஜன்னலும் திறக்கிறது.

அப்பா

(தையல் அத்தை: அந்த ஒரு வரியை மூன்று தடவை எழுதச் சொல்லி, மூன்று தடவையும் அடிக்கச் சொன்னார். காகிதமே கிழிந்துவிட்டது. பின் அறை நன்றாக இருக்கிறது, நானே கூட்டிவிட்டேன்.)


ஜூலை 3

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். எழுதத் தாமதமாகிவிட்டது. உங்கள் கடிதம் விசாரணைக்கு மறுநாள்தான் வந்தது. அடித்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஓரத்தில் மேலாளர். வெளியே பெஞ்சில் தவளை. "அட்டவணையைப் பயிற்சியாளர்கிட்ட காட்டினீங்களா?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"இல்ல" என்றேன்.

"வேற யார்கிட்ட?"

"யார்கிட்டயும் காட்டல. போன பருவத்தை அப்படியே தூக்கி வச்சேன். விசில் போயிட்டார்னு எனக்குத் தெரியும். சாருக்கும் தெரியும். அந்தப் பொண்ணு ஆள் கேட்டு என்கிட்ட வந்தா. வரும்னு சொன்னேன்."

மேலாளர் தண்ணீர் குடித்தார். வெளியே வந்து தவளை பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீ மறக்கல" என்றேன். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். என் கையைப் பிடிக்கவும் இல்லை. அது நியாயம்தான்.

அவள் மேல் குற்றம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வேறொரு குளத்தில் சேர்ந்திருக்கிறாளாம், நம் பெண்ணிடம் மட்டும் பேசுகிறாள். என்னை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். மேலாளர் இன்னும் இருக்கிறார். உங்கள் மாப்பிள்ளை ஒரு கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் போகிறார், நான் பாதி நாள் துணிக்கடையில் பில் போடுகிறேன். பின் அறைக்கு இப்போதைக்கு வேலை இல்லை. ஆனால் பலகைகளைத் திரும்ப உள்ளே போடாதீர்கள்.

குழந்தையின் வீட்டுக்குப் போனேன். அதன் அம்மா கதவைத் திறந்து, நான் யார் என்று சொன்னதும் சாத்திவிட்டாள். சாத்துவதற்குள் பார்த்துவிட்டேன். குழந்தை இடது கையில் பந்து வைத்திருந்தது.

இன்னொன்று. கிளப்பில் புதுப் பருவம் தொடங்கிவிட்டது. என் இடத்துக்கு வந்தவர் அதே பொத்தானை அழுத்தியிருக்கிறார். அட்டவணையின் அடியில் 'விவரங்களுக்கு' என்று என் போன் எண்ணைத்தான் போட்டு வைத்திருந்தேன், அதுவும் அப்படியே போயிருக்கிறது. தினமும் காலையிலிருந்து போன். "மேடம், சின்னப் பிள்ளைங்க வகுப்பு எப்போ?" "மேடம், டவல் நாங்க கொண்டு வரணுமா?" முதல் நாள் தவறான எண் என்று வைத்துவிட்டேன். இப்போது வைப்பதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள்


ஜூலை 14

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்ல அத்தை எழுதுவது. முட்டி, காது எல்லாம் பழையபடி. பின் அறையில் பலகை போடவில்லை, பூனை குடி வந்திருக்கிறது.

நேற்று இஸ்திரிக்காரனின் போனில் உன் எண்ணைப் போடச் சொன்னேன். உனக்கு அவன் எண் தெரியாது அல்லவா. நீ எடுத்தாய். "கிளப்புங்களா, பிள்ளையைச் சேர்க்கணும்" என்றான், அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டு என் இடது காதில் அழுத்தி வைத்தான். ஒரு வார்த்தை பிடிபடவில்லை. ஆனால் ஈ சத்தம் இல்லை, குரல்தான். உன் குரல். எதிரில் யார் என்று தெரியாமலே நீ பாட்டுக்கு விடாமல் பேசிக்கொண்டிருந்தாய். முடிகிற வரை கேட்டேன்.

என்ன சொன்னாள் என்று கேட்டேன். இஸ்திரிக்காரன் என் காதில் கத்தினான்: "அட்டவணையை நம்பாதீங்க. கரையில ரெண்டு பேர் நிக்கிறாங்களான்னு உங்க கண்ணால பார்த்துட்டு, அப்புறம் பிள்ளையை இறக்குங்க. ஒருத்தர்தான் இருந்தா கூட்டிட்டு வந்துடுங்க. வெட்கப்படாம கூட்டிட்டு வந்துடுங்க."

டீக்கடைக்குக் கேட்டது. தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். "யாருங்க அது?" என்று யாரோ கேட்டார்கள். என் மகள் என்றேன்.

மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் என் அன்பைச் சொல். பதில் போடும்போது உறை மேல் கோடு வேண்டாம்.

அப்பா